சரிந்து வந்த லீக்ஸ்

அத்தியாயம் 14

மீனம்மாள் லீக்ஸ் பிடுங்கியதைப் போன வாரம் படித்துவிட்டுப் பண்டாரவளை வாசகி ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். சண்முகவடிவின் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். எழுதுகிற எனக்கே கை பரபரக்கிறது. ஆனால் ஒரே காம்பரா அறையின் நடுவே தகரம் அடித்து, அந்தப் பக்கம் புருஷனின் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் தானும் மகளும் என்று மூன்று வருடமாக வாழ்கிறவளுக்கு, வாயை எப்போது திறக்கவேண்டும் என்று நம்மைவிடத் தெரியும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே சரிவில், மரக்கறி போடுகிற இரண்டு நிலத்துண்டுகள். மேல்துண்டு சின்னராசாவுடையது. பெயர்தான் சின்னராசா, வீட்டுக்கு அவர்தான் மூத்தவர். கீழ்த்துண்டு அவருடைய தம்பி யோகராசா காடு வெட்டிக் கொத்தியது. யோகராசா மூன்று வருடத்துக்கு முன்பு கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். அன்றிலிருந்து அந்தத் துண்டில் உருளைக்கிழங்கு போட்டு வருகிறவள் அவருடைய மனைவி சண்முகவடிவு. தம்பி போனால் துண்டு அண்ணனுக்குத்தான் என்று அன்றிலிருந்து லயமெல்லாம் சொல்லித் திரிகிறவர் சின்னராசா.

கார்த்திகைக் கடைசியில் அந்தப் புயல்மழை வந்தது. சின்னராசாவின் மேல்துண்டு மண்ணோடு, வெங்காயத்தாள் போல நின்ற லீக்ஸோடு, அப்படியே வழுக்கி இறங்கிச் சண்முகவடிவின் கீழ்த்துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. வரிசைகூடக் கலையவில்லை. சாய்ந்த லீக்ஸ் ஒரு வாரத்தில் நிமிர்ந்து, முந்தியைவிடக் கொழுத்து வளர்ந்தது. அதன் அடியில் கிடந்த கிழங்கு அழுகிப்போனது. மேலே, சின்னராசாவின் துண்டு இருந்த இடத்தில், செம்மண்ணும் கல்லும்தான் மிச்சம்.

புயலுக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் சின்னராசாவின் மனைவி மீனம்மாள் செய்த முதல் வேலை, கீழே இறங்கி ஒரு வரிசை லீக்ஸைப் பிடுங்கி லொறிக்கு ஏற்றியது. மண்ணும் எங்களது, லீக்ஸும் எங்களது என்றாள். மரக்கறிக்கு நாடே அலைந்த நேரம், நல்ல விலை கிடைத்திருக்கும். சண்முகவடிவு பார்த்துக்கொண்டு நின்றாள். வாசகிக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அது போன வாரம். இன்றைக்குப் பயிர்ச்சேதம் பார்க்கக் கமநல நிலையத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்தர் வருகிறார்.

பயிர் முழுவதும் போனவர்களுக்கு விதைக்கிழங்கும் உரமும், மறுபடி பயிர் போடக் கைச்செலவுக்குப் பணமும் அரசாங்கம் கொடுக்கிறது. அது ஒரு பக்கம். இன்னொன்று, தோட்டத்தை நடத்துகிற துரை போட்ட உத்தரவு. மண்சரிவில் எல்லைகள் எல்லாம் கலைந்துவிட்டதால், அரசாங்கத் தாளில் எந்தத் துண்டுக்கு எவர் பெயர் விழுகிறதோ, அதுவே இனித் தோட்ட ஆபீஸ் பட்டியலிலும் ஏறும் என்று சொல்லிவிட்டார். அதாவது இன்று கீழ்த்துண்டுக்குச் சண்முகவடிவின் பெயர் விழாவிட்டால் துண்டு போய்விடும். யோகராசா விட்டுப்போனதில் அவளுக்கு மிஞ்சியிருப்பது அந்தத் துண்டும் மகள் பிரேமினியும்தான்.

காலைத் தேத்தண்ணீர் நேரத்திலேயே தகரத்துக்கு அந்தப் பக்கம் திட்டம் தீட்டும் சத்தம் கேட்டது. மெதுவாகப் பேசுகிற பழக்கம் அந்தப் புருஷன் பெண்சாதிக்குக் கிடையாது. மேலும் கீழும் இரண்டையும் தன் பெயரிலேயே எழுதவைக்கப் போவதாகச் சின்னராசா சொன்னார். அவள் குறுக்கே பேசினால் என்ன செய்வது என்று மீனம்மாள் கேட்டாள். அவள் எங்கே பேசப்போகிறாள் என்று இவர் சிரித்தார்.

சண்முகவடிவு கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். அன்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் பேரும் சம்பளமும் போனால் போகட்டும். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு துண்டுக்கு இறங்கினாள்.

பிரேமினி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள். பொங்கலுக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது, பெரியப்பாவைக் கண்டாலே பல்லைக் கடிக்கிற வயது. தாயும் மகளும் லீக்ஸ் வரிசைக்கு நடுவில் ஆழமாக ஒரு கிடங்கு வெட்டினார்கள். இடுப்பளவு வெட்டிய பிறகுதான் பழைய பாத்தி தட்டுப்பட்டது. நாற்றம் முந்திக்கொண்டு வந்தது. கறுத்துக் கூழாய்ப் போன கிழங்கைச் சண்முகவடிவு கையாலேயே அள்ளி ஒரு பையில் போட்டாள்.

பீலிக்குத் தண்ணீருக்கு வந்த மீனம்மாள் குடத்தை வைத்துவிட்டு மேலே நின்று பார்த்தாள்.

"எங்க லீக்ஸை மிதிச்சுக்கிட்டு என்னாடி தோண்டுற?"

"எங்க கிழங்கைத் தோண்டுறேங்க அக்கா."

"செத்தவன் போட்ட கிழங்கா?"

பிரேமினி மண்வெட்டியோடு மேலே ஏறப்பார்த்தாள். சண்முகவடிவு மகளின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பிறகு குனிந்து இன்னும் ஒரு கை கிழங்கு அள்ளிப் பையில் போட்டாள். மனுஷி என்ற பேருக்கு இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அவளுக்குத் தோன்றியது.

பத்து மணிக்கு வரவேண்டிய உத்தியோகத்தர் பன்னிரண்டுக்கு வந்தார். கோபிசங்கர் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பையன். மாற்றலாகி வந்து எட்டு மாதம், இன்னும் இரண்டு ஸ்வெட்டர் போடுகிறார். காலையிலிருந்து பத்துப் பதினைந்து துண்டு பார்த்துவிட்டு வந்ததில் காற்சட்டை முழங்கால்வரை சேறு, கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். தோட்டத்தின் சார்பில் கணக்கப்பிள்ளை கூட வந்தார். இரண்டு குடும்பமும் சரிவில் எதிரெதிரே நிற்பதைப் பார்த்ததுமே கணக்கப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் இவர்களோடு இருக்கவேண்டியவர் அவர்.

போன தோட்டத்தில் இரண்டு வீட்டுக்காரர் அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால், கோபிசங்கர் எடுத்த எடுப்பிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார். காணி தோட்டத்தினுடையது, தாளில் எழுதுவது பயிர் செய்த ஆளின் பெயரை. ஒரு ஆளுக்கு எத்தனை துண்டு இருந்தாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எங்கேயாவது அந்த ஆளின் பயிர் உயிரோடு நின்றால் அது முழுச்சேதம் ஆகாது, உதவியும் வராது. ஒன்றுமே மிஞ்சாதவருக்குத்தான் முழுச்சேதம்.

"இன்னொண்டு. ஆளுக்கொரு கதை சொன்னீங்கள் எண்டா நான் பிணக்கு எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவன். பிறகு ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை."

ஏதோ சொல்லத் திறந்த சின்னராசாவின் வாய் அப்படியே நின்றது. காலையில் போட்ட திட்டம் இங்கே உதவாது என்று அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. கீழே நிற்கிற லீக்ஸ் என்னுடையது என்றால் அவருடைய பயிர் உயிரோடு நிற்கிறது, உதவி இல்லை. என்னுடையது இல்லை என்றால் மேல்துண்டு மொட்டை, முழுச்சேதம், எல்லாம் வரும்.

கோபிசங்கர் மேல்துண்டை இரண்டு படம் எடுத்தார். பிறகு கீழே இறங்கி, பச்சைப்பசேலென்று நின்ற வரிசைகளுக்கு முன்னால் நின்றார்.

"இந்த லீக்ஸ் ஆற்றை?"

கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். லயத்தில் உள்ள குழந்தைக்குக்கூட அந்த லீக்ஸ் யாருடையது என்று தெரியும். மீனம்மாள் புருஷனின் முழங்கையைக் கிள்ளினாள்.

"அது அவளோடதுங்க சேர்" என்றார் சின்னராசா.

"அவள் எண்டா?"

"எந் தம்பி சம்சாரம். சண்முகவடிவு. கீழ்த்துண்டு அவளோட துண்டு, லீக்ஸு அவ போட்ட லீக்ஸு. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க."

சண்முகவடிவு மனசுக்குள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவளோட துண்டு. இந்த இரண்டு சொல்லையும் இந்த மனிதன் வாயிலிருந்து வாங்க மூன்று வருடம் அவள் ஏறாத படி இல்லை. தொழிற்சங்கத் தலைவரிடம் போனாள், கணக்கப்பிள்ளையிடம் போனாள், யோகராசாவின் வருடத் திவசத்தன்று சொந்தக்காரர் எல்லாரும் இருக்கையில் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அன்றெல்லாம் வராத சொல் இன்று ஒரு மூட்டை உரத்துக்காக வந்துவிட்டது.

"ஒரு வரிசை பிடுங்கிக் கிடக்கே" என்று கோபிசங்கர் கேட்டார்.

"அவதான் பிடுங்கி வித்தா சேர். போன வாரம்" என்றாள் மீனம்மாள். கண்கூட இமைக்கவில்லை. மகராசி நன்றாக இருக்கட்டும்.

பிரேமினியால் பொறுக்க முடியவில்லை. பொய் என்று அவள் சொல்ல வந்ததைச் சண்முகவடிவு மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பையில் அழுகின கிழங்கு இருந்தது. அதைத் திறந்து கொட்டினால் போதும், உண்மை வெளியே வந்துவிடும். வந்த பிறகு என்ன? சின்னராசா அந்த நிமிஷமே தலைகீழாக மாறுவார். லீக்ஸும் எனது, துண்டும் எனது என்பார். பையன் பிணக்கு என்று எழுதிவிட்டுப் போவார். ஆபீஸ் பட்டியலில் யார் பெயரும் ஏறாது. பிறகு அந்தத் துண்டு யார் பலசாலியோ அவருக்கு. யார் பலசாலி என்று கேட்கத் தேவையில்லை.

அவள் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஆமாங்க சேர். லீக்ஸ் என்னோடதுதாங்க."

கோபிசங்கர் எழுதவில்லை. கிடங்கைப் பார்த்தார், அவளுடைய சேறு பிடித்த கைகளைப் பார்த்தார். நாற்றம் அவருக்கும் அடித்திருக்கவேண்டும். கிராமத்துப் பிள்ளைதான், தோட்டம் செய்த வீட்டிலிருந்து வந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. இப்பிடி எழுதினா உங்களுக்கு விதைக்கிழங்கு இல்லை, உரம் இல்லை, காசும் இல்லை. பிறகு வந்து அழுது பிரயோசனம் இல்லை."

"யோசிச்சுட்டேங்க. பேரை எழுதுங்க சேர்."

அடையாள அட்டையைக் கொடுத்தாள். பயிர் செய்பவர் என்ற இடத்தில் அவள் பெயர், பயிர் என்ற இடத்தில் லீக்ஸ், சேதம் என்ற இடத்தில் இல்லை. பக்கத்துத் துண்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றதும் சின்னராசா ஓடிவந்து பேனையை வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் கையெழுத்துப் போட்டு லயத்தில் யாரும் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளையும் போட்டார். அடியில் இருந்த மஞ்சள் பிரதி ஆளுக்கொன்று கையில் வந்தது.

உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்ததும் பிரேமினி வெடித்தாள். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, முதுகு ஒடியக் கொத்தின கிழங்குக்கு ஒரு சாட்சி சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டாள். நீதான் லீக்ஸைப் பிடுங்கி விற்றாய் என்று பெரியம்மா சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றாயே என்றாள். பேசப் பேச அழுகை வந்துவிட்டது.

"பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டம்மா நீ. அப்பா இருந்திருந்தா போட்டிருப்பாரா?"

அது சுருக்கென்று தைத்தது. யோகராசா போட்டிருக்கமாட்டார்தான். யோகராசா நேர்மையான மனிதர், நேர்மையாகவே அண்ணனிடம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவர். சண்முகவடிவு அதை மகளிடம் சொல்லவில்லை. அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு எங்கிருந்து வரும் என்று அவளுக்கும் தெரியாது. நெஞ்சு முழுக்கப் பயம்தான். மஞ்சள் தாளை மகள் கையில் கொடுத்து, போனில் படம் எடுத்து வைக்கச் சொன்னாள். தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

பிறகு குனிந்து லீக்ஸ் பிடுங்க ஆரம்பித்தாள்.

நியாயம் பார்த்தால் அந்த லீக்ஸ் சின்னராசா போட்டது. எனக்கும் தெரியும், கடிதம் எழுதி எனக்கு ஞாபகப்படுத்தவேண்டாம். அடியில் அழுகிக் கிடக்கிற கிழங்குக்கு யார் ஈடு கொடுப்பது என்று யாராவது முதலில் அவளுக்குச் சொல்லட்டும். பிறகு லீக்ஸைப் பற்றிப் பேசலாம்.

மூன்று மணிக்கு மரக்கறி லொறி வரும். இரண்டரைக்கு மீனம்மாள் இரண்டு உரச் சாக்கும் கத்தியுமாகச் சரிவில் இறங்கினாள். முக்கால்வாசி வரிசை காலியாகி, கழுவிக் கட்டின கட்டுகள் ஓரத்தில் அடுக்கியிருப்பதைக் கண்டதும் சாக்கைக் கீழே போட்டாள்.

"ஏன்டி, எங்க லீக்ஸை எவடி பிடுங்கச் சொன்னா?"

"ஒங்க வீட்டுக்காரரு சொன்னாருங்க. கையெழுத்தும் போட்டாரு."

மீனம்மாள் போட்ட கூச்சலில் லயம் முழுவதும் வாசலுக்கு வந்தது. திருட்டுச் சிறுக்கி என்றாள், புருஷனைத் தின்றவள் என்றாள், இன்னும் அச்சில் ஏறாததெல்லாம் சொன்னாள். சண்முகவடிவு கட்டு கட்டிக்கொண்டே இருந்தாள். பிரேமினி இந்த முறை தாயின் பக்கத்தில் வந்து நின்று, கட்டுக்கு நார் எடுத்துக் கொடுத்தாள். அழுத கண் காயவில்லை, ஆனால் உதட்டில் சிரிப்பு வரப்பார்த்தது.

சின்னராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பாதி வழியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வரிசைக்குள் இறங்கி, கட்டி வைத்த லீக்ஸைக் காலால் எத்தினார்.

"ஆபீசருக்குச் சும்மா சொன்னதுடி அது. வீட்டு விஷயம் வேற, தாளு வேற. ஒழுங்கா எடுத்துக் குடு."

"கமநலக் கந்தோருக்கு வாங்க அத்தான். சும்மாதான் சொன்னேன்னு அங்க வந்து சொல்லுங்க. லீக்ஸ் ஒங்களுதுன்னா நான் இப்பவே குடுத்துர்றேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முழுச்சேதம் போகும், பொய் எழுத வைத்ததற்குக் கேள்வி வரும். மேலே லயத்து வாசலில் யாரோ சிரித்தார்கள். சின்னராசாவின் முகம் கறுத்தது. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் அடுத்த வார்த்தையை எடுத்தார் என்று நினைக்கிறேன்.

"சரி. துண்டு ஒன்னோடது. காம்பரா யாரு பேருல இருக்குன்னு தெரியுமா? எங்கப்பா பேரு, அடுத்து எம்பேரு. நாளைக்குக் காலைல பெரட்டுக்கு முன்னாடி நீயும் ஒம் மவளும் வெளிய போயிரணும். லீக்ஸுக்குள்ளயே படுத்துக்கங்க."

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. பிரேமினி தாயைப் பார்த்தாள். சண்முகவடிவின் கையில் கட்டு அப்படியே இருந்தது. போக்கிடம் என்று அவளுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது, அதைச் சொன்னவருக்கும் அது தெரியும். தை மாதக் குளிரில் சொல்கிற சொல்லா இது?

அவள் நிமிர்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மூன்று வருடமாக இந்த மனிதர் முன்னால் குனிந்தே பேசிப் பழகியவள், இன்று நேராக முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு விஷயத்த நாளைக்குப் பேசிக்கலாங்க. இப்ப மேல போய் நின்னு பேசுங்க. நீங்க நிக்கிறது என்னோட துண்டு."

லயமே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னராசா தன் காலடியைப் பார்த்தார். அவருடைய மண்தான் அது, அவர் கொத்திப் போட்ட மண். ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார், பிறகு அடுத்த காலையும் எடுத்தார்.